கேம் டைமிங் வைப்பது எப்படி: கம்பத்துப் பட்டறையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

லோயர் கேம்ப் தாண்டி, பெரியாறு பவர் ஹவுஸ் குழாய்கள் கண்ணில் படுகிற இடத்திலிருந்து குமுளி வரை ஏறுகிற மலைப்பாதையில்தான் எங்கள் பட்டறை வண்டிகளை ஓட்டிப் பார்ப்போம். கம்பத்துக்குள் சமதளத்தில் நன்றாக ஓடுகிற கார், அங்கே கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கினால் உள்ளே ஏதோ சரியில்லை. குமுளிப் பக்கத்து டிரைவர்கள் வந்து, "அண்ணா, வண்டிக்கு வலி இல்ல" என்பார்கள். மலையாளத்தில் வலி என்றால் இழுவை. துடுப்பு வலிப்பது என்று நாமும் சொல்கிறோமே, அதே வலி.

போன வருடம் அப்படி ஒரு கார் வந்தது. நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. வேறொரு பட்டறையில் டைமிங் பெல்ட் (பிஸ்டன்களோடு சுற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் சேர்த்துச் சுற்றும் பல் வைத்த பட்டை; இரண்டும் பல்லுக்குப் பல் பொருந்தி நிற்பதுதான் கேம் டைமிங்) மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது; அன்றிலிருந்தே ஏற்றத்தில் இழுக்கவில்லையாம். பிளக், ஏர் ஃபில்டர், பெட்ரோல் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் கிளட்ச் வரை போய்விட்டார்கள். சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தேன். நாலு சிலிண்டரும் குறைவு, நாலும் ஏறக்குறைய ஒரே அளவு. ரிங் தேய்ந்தாலோ வால்வு ஒழுகினாலோ நாலும் இப்படிச் சொல்லிவைத்த மாதிரி குறையாது. கவரைக் கழற்றினால் கேம் புல்லி ஒரே ஒரு பல் பின்தங்கி நிற்கிறது. பெல்ட்டை ஒரு பல் நகர்த்தி வைத்தோம், வேறு எதையும் தொடவில்லை. அன்று சாயங்காலமே அந்த வண்டி அதே வளைவில் ஏறிப் போனது. அவர் வீணாகச் செலவழித்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அதனால்தான் இதை ஆதியோடந்தமாக எழுதுகிறேன்.

ஒரு பல் என்றால் எவ்வளவு?

கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதனால் கேம் புல்லியில் பற்கள் எப்போதும் கிராங்க் பல்சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு. கிராங்கில் 20 பல் என்றால் கேமில் 40. ஒரு பல் மாறினால் கேம் 9 டிகிரி தள்ளும். கிராங்க் கணக்கில் அது 18 டிகிரி. பார்வைக்கு விரல் நகம் அகலம்கூட இல்லாத வித்தியாசம். ஆனால் இன்டேக் வால்வு, அதாவது காற்றை உள்ளே விடும் கதவு, 18 டிகிரி தாமதமாக மூடினால், பிஸ்டன் நன்றாக மேலே ஏறிய பிறகும் அது திறந்தே இருக்கும். உள்ளே வந்த காற்றில் ஒரு பங்கு, வந்த குழாயான மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போய்விடும். குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை செத்துப்போவது இதனால்தான்.

இரண்டு மூன்று பல் தள்ளினால் இழுவையோடு போகாது. பல இன்ஜின்களில் திறந்திருக்கும் வால்வும் மேலே வரும் பிஸ்டனும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். டைமிங் சரியாக இருக்கிற வரைக்கும்தான் ஒன்றை ஒன்று தொடாமல் போய்வரும். டீசல் இன்ஜின் என்றால் அநேகமாக எல்லாமே இந்த வகை. உங்கள் வண்டி இடிக்கிற ரகமா என்று தெரியாவிட்டால், இடிக்கும் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

மாருதி 800, பழைய சான்ட்ரோ, பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் ஆகியவற்றில் பெல்ட். மாருதியின் கே சீரீஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும் ஸ்விஃப்ட்டில் வந்த ஃபியட் 1.3 டீசலிலும் செயின். கீழே நான் சொல்வது பெல்ட் போட்ட, ஒற்றைக் கேம், நாலு சிலிண்டர் இன்ஜினை மனதில் வைத்து. செயினைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

ஆரம்பிக்கும் முன்

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். வண்டி நியூட்ரலில், பின் சக்கரத்துக்குக் கட்டை. பிளக் நாலையும் கழற்றினால் கிராங்க் லேசாகச் சுற்றும்; கைக்கும் உணர்வு நன்றாகத் தெரியும். கழற்றியதும் பிளக் ஓட்டைகளைத் துணியால் மூடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரும்.

அந்த வண்டிக்கான ஒர்க்ஷாப் மேனுவல் கட்டாயம் வேண்டும். போல்ட்டின் டார்க் (எவ்வளவு முறுக்க வேண்டும் என்ற அளவு), மார்க்குகளின் இடம், டென்ஷனர் (பெல்ட்டை விறைப்பாகப் பிடிக்கும் உருளை) வகை எல்லாம் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். வேறு வண்டிக்குச் செய்த ஞாபகத்தில் இதற்குக் கை வைக்காதீர்கள்.

சுற்றும் திசை: புல்லிப் பக்கம் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்கள் கடிகார முள் திசை. ஹோண்டாவின் பல பழைய இன்ஜின்கள் எதிர்த்திசை. எப்போதும் கிராங்க் போல்ட்டைப் பிடித்துத்தான் சுற்ற வேண்டும். கேம் புல்லி போல்ட்டைப் பிடித்து இன்ஜினைச் சுற்றினால் பெல்ட் பல் தாண்டும்.

டாப் கண்டுபிடிப்பது

இதில் அவசரப்படாதீர்கள். டாப் தவறினால் மற்ற எல்லாமே தவறு.

ஒன்றாவது சிலிண்டர் கம்ப்ரஷன் டாப்பில், அதாவது வால்வுகள் மூடியிருக்க பிஸ்டன் காற்றை அமுக்கி உச்சிக்கு வந்த இடத்தில், நிற்க வேண்டும். பிளக் ஓட்டையில் விரலை வைத்துக்கொண்டு கிராங்கை மெதுவாகச் சுற்றினால், ஒரு சுற்றில் காற்று விரலைத் தள்ளும். அதுதான் கம்ப்ரஷன். அதே திசையில் தொடர்ந்து, கிராங்க் மார்க் சேரும் வரை வாருங்கள். ஸ்குரூடிரைவரை ஓட்டைக்குள் விட்டு பிஸ்டன் ஏறுவதைப் பார்ப்பவர்கள் உண்டு. ஓட்டை சாய்வாக இருந்தால் அது சிக்கிக்கொண்டு பிஸ்டன் தலையில் கீறல் போடும், ஓட்டையின் மரையையும் கெடுக்கும். கெட்டியான நீள பிளாஸ்டிக் ஸ்ட்ரா போதும்.

ஆனால் ஸ்ட்ராவை மட்டும் வைத்து டாப்பைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. உச்சியில் பிஸ்டன் கிட்டத்தட்ட நின்றுவிடும். 75 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினில் கிராங்க் பத்து டிகிரி தள்ளிப்போனாலும் பிஸ்டன் இறங்குவது முக்கால் மில்லிமீட்டர்தான். கண்ணுக்கு அது தெரியாது. ஸ்ட்ரா பக்கத்தைக் காட்டும், இடத்தை மார்க்தான் காட்ட வேண்டும்.

அந்த மார்க்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வெளிக் கிராங்க் புல்லி பல வண்டிகளில் இரண்டு துண்டு, நடுவில் ரப்பர் வளையம். ரப்பர் பழசாகி வெளி வளையம் நழுவினால் அதிலுள்ள மார்க்கும் கூடவே நகர்ந்துவிடும். அதனால் புல்லியைக் கழற்றிய பிறகு, உள்ளே பல்சக்கரத்தில் இருக்கும் புள்ளியையும் ஆயில் பம்ப் உடம்பில் இருக்கும் அம்புக்குறியையும் பாருங்கள். கடைசி வார்த்தை அதுதான். சில கேம் புல்லிகளில் இரண்டு மூன்று குறிகள் இருக்கும். ஒரே புல்லியை வேறு வேறு இன்ஜினுக்குப் பயன்படுத்துவார்கள். எந்தக் குறி உங்களுடையது என்று மேனுவலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். இன்னொன்று: சில இன்ஜின்களில் மார்க் எல்லாம் சேரும்போது கம்ப்ரஷனில் இருப்பது நாலாவது சிலிண்டர். இது தெரியாமல் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி மாட்டினால் இக்னிஷன் தலைகீழாகிவிடும்.

மார்க்கே இல்லாமல் ஒரு சாட்சி இருக்கிறது. 1-3-4-2 வரிசையில் எரியும் இன்ஜினில், ஒன்றாவது கம்ப்ரஷன் டாப்பில் நிற்கும்போது நாலாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிக்கும், இன்டேக் அப்போதுதான் திறக்கத் தொடங்கும். வால்வுகளுக்கு மேலே உள்ள டேப்பட் கவரைக் கழற்றிவிட்டு, கிராங்கை முன்னும் பின்னும் சில டிகிரி ஆட்டிப் பாருங்கள். நாலாவதின் இரண்டு வால்வும் தராசுத் தட்டு மாதிரி, ஒன்று இறங்க ஒன்று ஏறும். அந்த ஆட்டம் டாப்பை ஒட்டி நடந்தால் டைமிங் ஏறக்குறைய சரி. ஒரு பக்கமாக நன்றாகத் தள்ளி நடந்தால், மார்க் என்ன சொன்னாலும் சரி, தப்பு இருக்கிறது. என் பட்டறைப் பையனுக்கு முதலில் இதைத்தான் கற்றுக்கொடுத்தேன். மாருதி 800 மாதிரி மூன்று சிலிண்டரில் இப்படி ஜோடி கிடையாது. அங்கே ஒன்றாவதின் இரண்டு ராக்கரும் (வால்வை அமுக்கும் நெம்புகோல்கள்) தளர்ந்து, கையால் ஆட்டினால் சின்ன இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள்.

பழைய பெல்ட்டை எடுப்பது

கிராங்க் புல்லி போல்ட் எளிதில் வராது. மேனுவல் கியர் வண்டியில் ஐந்தாவது கியர் போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நீளக் கம்பியால் திறக்கலாம். முடிந்தால் ஃப்ளைவீலைப் பூட்டும் கருவியே நல்லது. பெல்ட்டை வைத்தோ கேம் புல்லியை வைத்தோ தடுக்காதீர்கள். போல்ட் திறந்ததும் நியூட்ரலுக்கு வந்து, மறுபடி டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெல்ட்டிலும் இரண்டு புல்லியிலும் பெயின்ட் கோடு போட்டு, அதைப் புது பெல்ட்டுக்கு நகல் எடுக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முன்பு மாட்டியவர் ஒரு பல் தப்பாக மாட்டியிருந்தால், நீங்கள் அந்தத் தப்பை அப்படியே புது பெல்ட்டுக்கு மாற்றுகிறீர்கள். மேலே சொன்ன காரில் அப்படிச் செய்திருந்தால் இன்னொரு 60 ஆயிரம் கிலோமீட்டர் அது மலையேறத் திணறியிருக்கும். பெயின்ட் கோடு ஞாபகத்துக்கு இருக்கட்டும். சேர்க்க வேண்டியது கம்பெனி போட்ட மார்க்கைத்தான்.

பெல்ட் கழன்றதும் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கேம் தானாக ஒரு உதை உதைத்துத் திரும்பலாம். திரும்பிவிட்டால் அப்படியே முரட்டுத்தனமாகத் திருப்பக்கூடாது. முதலில் கிராங்கை டாப்பிலிருந்து 90 டிகிரி பின்னுக்குக் கொண்டுபோங்கள். நாலு பிஸ்டனும் பாதிக்குக் கீழே இறங்கி நிற்கும். இப்போது கேமைத் திருப்பி மார்க்குக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் கிராங்கை டாப்புக்கு ஏற்றுங்கள்.

இவ்வளவு தூரம் திறந்த பிறகு டென்ஷனர், ஐட்லர் பேரிங்குகளைக் கையில் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தமோ ஆட்டமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். கேம் சீல், கிராங்க் சீல் ஆயில் கசிந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆயில் பட்ட பெல்ட் ஊறிப்போய்ச் சீக்கிரம் போகும். வாட்டர் பம்ப் இதே பெல்ட்டில் ஓடுகிற வண்டி என்றால் அதையும் கூடவே மாற்றச் சொல்வேன். ஆறு மாதம் கழித்து பம்ப் மட்டும் ஒழுகினால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும்.

புது பெல்ட் மாட்டுவது

பெல்ட்டை மடிக்காதீர்கள், உள்பக்கம் வெளியே வரத் திருப்பாதீர்கள், ஸ்குரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள். உள்ளே இருக்கும் இழை முறிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. அதில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையைப் பார்த்து மாட்டுங்கள்.

கிராங்க்தான் கேமை இழுக்கிறது. கடிகார திசையில் சுற்றும் இன்ஜினை, புல்லியைப் பார்த்து நின்றால், வலது பக்கத்துப் பெல்ட் எப்போதும் இழுபட்டு விறைப்பாக இருக்கும். டென்ஷனர் இடது பக்கம், தொய்வுப் பக்கம். மாட்டும் வரிசையும் இதையே பின்பற்ற வேண்டும்: முதலில் கிராங்க் பல்சக்கரம், அங்கிருந்து விறைப்புப் பக்கம் வழியாக மேலே கேம், பிறகு கீழே இறங்கி டென்ஷனர் கடைசியாக. விறைப்புப் பக்கத்தில் துளியும் தொய்வு இருக்கக்கூடாது.

ஒரு பல் தப்பு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இரண்டு மார்க்கும் அழகாகச் சேர்ந்திருக்கும், மனசு நிறைந்துவிடும், ஆனால் வலது பக்கம் பெல்ட் லேசாகத் தொங்கும். டென்ஷனரை விட்டதும் அது இடது பக்கம் இழுக்கும். கேம் பின்னால் திரும்பி, வலது பக்கத் தொய்வு காணாமல் போகும். கேம் மார்க் அரைப் பல்லோ ஒரு பல்லோ பின்தங்கிவிடும். பார்த்தவர் ஏற்கனவே பார்த்துவிட்டார், மறுபடி பார்க்க மாட்டார். அதனால் நான் பெல்ட்டைக் கேமில் ஏற்றும்போது கேமை அரைப் பல் அளவுக்குச் சுற்றும் திசையிலேயே முன்னால் திருப்பிப் பிடித்து, பல்லில் உட்கார்ந்ததும் மெதுவாக விடுவேன். கேம் பின்னால் வந்து விறைப்புப் பக்கத்தை இழுத்துக்கொண்டு மார்க்கில் நிற்கும்.

டென்ஷனரில் மூன்று ரகம் அதிகம் பார்க்கிறோம். ஸ்பிரிங் வைத்தது: போல்ட்டைத் தளர்த்தி ஸ்பிரிங்கை இழுக்க விட்டு, கிராங்கைச் சுற்றித் தொய்வெல்லாம் இடது பக்கம் வந்த பிறகு முறுக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் அளந்து வைத்தது. கூடுதலாகக் கம்பி போட்டு நெம்பாதீர்கள். முள் வைத்த எக்சென்ட்ரிக் ரகம்: முள் பள்ளத்துக்கு நேரே வரும்வரை திருப்பிப் பூட்ட வேண்டும். ஹைட்ராலிக்: அமுக்கி, பூட்டு ஊசி (பின்) போட்டு வைத்து, கடைசியில் அந்த ஊசியை உருவ வேண்டும். பெல்ட் அதிகமாக இறுகினால் இன்ஜின் ஓடும்போது ஊளையிடும், பம்ப் பேரிங்கைத் தின்றுவிடும்.

இரண்டு சுற்று

இப்போது கையால், கிராங்க் போல்ட்டில் ராட்செட் வைத்து, சுற்றும் திசையில் இரண்டு முழுச் சுற்று. செல்ஃப் மோட்டாரை இதற்குத் தொடவே கூடாது. மோட்டார் அடிக்கிற அடியில் வால்வு வளைந்த பிறகுதான் உங்களுக்குச் சேதி வரும். கை அதற்கு முன்பே சொல்லிவிடும். பிளக் இல்லாமல் சுற்றும்போது வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் மெத்தென்று வரும், போகும். அது சாதாரணம். ஆனால் எங்காவது ணங் என்று கெட்டியாக நின்றால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நூல்கூட மேலே அழுத்தாதீர்கள். பின்னால் திருப்பி, பெல்ட்டைக் கழற்றி, மறுபடி முதலிலிருந்து.

இரண்டு சுற்று முடிந்து கிராங்க் மார்க் சேரும்போது கேம் மார்க்கும் சேர வேண்டும். நேருக்கு நேர் பாருங்கள். சாய்வாக மேலிருந்து எட்டிப் பார்த்தால் அரைப் பல் தப்பாகத் தெரியும். ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் உதவும். பெல்ட்டில் அச்சடித்த வெள்ளைக் கோடுகளோ செயினின் வண்ணக் கண்ணிகளோ இப்போது மார்க்குக்கு நேரே இருக்காது. அவை மாட்டும் நேரத்துக்கு மட்டும். நிறையச் சுற்றுக்குப் பிறகுதான் மறுபடி அதே இடத்துக்கு வரும். அதைப் பார்த்துப் பதறி பெல்ட்டைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். புல்லி மார்க்குகள் சேர்ந்தால் போதும்.

பிறகு டென்ஷனரைச் சரிபார்த்து, டார்க் ரெஞ்சில் முறுக்கி, நாலாவது சிலிண்டரின் தராசு ஆட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். மார்க்கும் தராசும் ஒத்துப்போனால்தான் நான் கவரை மூடுவேன்.

இரட்டைக் கேமும் செயினும்

இரட்டைக் கேம் என்றால் இரண்டு கேமுக்கும் நடுவே தொய்வு வராமல் பார்க்க வேண்டும். கேம் பூட்டும் கருவியைக் கேட்கும் இன்ஜினில் அதை வாங்கியே செய்யுங்கள். செயினில் தத்துவம் ஒன்றேதான்: வண்ணக் கண்ணியை மார்க்கில் வைத்து, விறைப்புப் பக்கத்தை இழுத்து, டென்ஷனரின் பூட்டு ஊசியைக் கடைசியில் உருவ வேண்டும். செயின் அறுவது குறைவு, நீளுவது அதிகம். நீண்டால் கேம் பின்தங்கும். செயின் பல் தாண்டினாலோ நன்றாக நீண்டாலோ, புது வண்டிகளில் ஸ்கேனர் பி 0016 என்ற கோடு காட்டும். கிராங்க் சென்சாரும் கேம் சென்சாரும் ஒத்துப்போகவில்லை என்று அதற்கு அர்த்தம். உடனே சென்சாரை மாற்றாமல், முதலில் டைமிங்கைத் திறந்து பாருங்கள்.

ஹெட் அரைத்த வண்டி

ஓவர்ஹீட் ஆகி ஹெட்டை அரைத்தால் கிராங்குக்கும் கேமுக்கும் இடையே தூரம் குறையும், கேம் கொஞ்சம் பின்தங்கும். எவ்வளவு? 9.5 மி.மீ. இடைவெளியில் பல் உள்ள பெல்ட், கிராங்கில் 20 பல் என்றால், 9.5 மி.மீ.க்கு 18 டிகிரி. அரை மில்லிமீட்டர் அரைத்தால் சுமார் ஒரு டிகிரி. அதற்காகப் பல்லை மாற்றி வைக்க வேண்டிய தேவையே இல்லை. மார்க் மயிரிழை தள்ளித் தெரியும், அவ்வளவுதான்.

பலமுறை அரைத்த ஹெட், அல்லது திருப்பி வைக்கக்கூடிய புல்லி போட்ட வண்டி என்றால் அளந்து பார்ப்பதுதான் நல்லது. கிராங்கில் 360 டிகிரி தட்டு, இன்டேக் வால்வின் ஸ்பிரிங் தொப்பி மேல் டயல் கேஜ். முதலில் உண்மையான டாப்: பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, உள்ளே போல்ட் பற்றவைத்து ஒரு தடை செய்யுங்கள். பெல்ட் மாட்டிய நிலையிலேயே கிராங்கை மெதுவாக ஒரு பக்கம் தடையில் தொட வையுங்கள், பிறகு மறுபக்கம். தட்டில் ஒரு பக்கம் 24, மறுபக்கம் 30 என்றால் நடு 27. முள்ளை 3 டிகிரி நகர்த்தினால் பூஜ்யம்தான் டாப். தடையைக் கழற்றிவிட்டு, வால்வு முழுதாக இறங்குவதற்கு 1 மி.மீ. முன்பு ஒரு அளவு, தாண்டி 1 மி.மீ. வந்ததும் ஒரு அளவு. 84, 140 என்று வந்தால் உச்சி நடு 112.

இருக்க வேண்டிய எண்ணை மேனுவலின் வால்வு டைமிங்கிலிருந்தே கணக்கிடலாம். இன்டேக் டாப்புக்கு 10 டிகிரி முன் திறந்து, பாட்டம் தாண்டி 46-இல் மூடும் என்றால்: 10, 180, 46 கூட்டினால் 236. பாதி 118. அதில் 10 கழித்தால் 108. நாம் அளந்தது 112. ஆக கேம் 4 கிராங்க் டிகிரி தாமதம். கேம் புல்லியில் அதில் பாதி, 2 டிகிரி மட்டும் முன்னே திருப்ப வேண்டும். இந்தப் பாதிக் கணக்கை மறந்து 4 டிகிரி திருப்பிவிட்டு, மறுபடி அளக்காமல் விட்டவர்கள் நிறைய.

ஸ்டார்ட் செய்த பிறகு

டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள வண்டியில் டைமிங் லைட் வைத்து இக்னிஷனையும் பார்த்துவிடுங்கள். கேம் நகர்ந்தால் அதுவும் நகரும். அப்புறம் மேனிஃபோல்டில், இன்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வேக்குவம் கேஜ். நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை ஆடாமல் காட்டும். முள் ஆடாமல், ஆனால் 15-க்குக் கீழேயே நின்றால் வால்வு டைமிங் மேல் சந்தேகப்படலாம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஒன்று. உயரம் ஆயிரம் அடி ஏறினால் இந்தக் கேஜ் சுமார் ஒரு அங்குலம் குறையும். கம்பம் சுமார் 400 மீட்டர், குமுளி சுமார் 900. கம்பத்தில் 18 காட்டிய வண்டி குமுளியில் 16.5 காட்டினால் அது மலையின் கணக்கு, உங்கள் வேலையில் குறை இல்லை. கீழே ஒரு தடவை, மேலே ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெல்ட் கவரின் மேல் பெயின்ட் பேனாவால் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதுங்கள். பழைய இன்னோவா டீசலில் 1.5 லட்சம் கிலோமீட்டரில் பெல்ட் விளக்கே எரியும். பல வண்டிகளில் அந்த எழுத்து மட்டும்தான் அடுத்தவருக்குத் தெரியும். கார் கை மாறி மலைக்கு அந்தப் பக்கம் போனாலும் படிக்க முடியும், எண்களை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.